அந்த முப்பத்தைந்து எபிசோடும் கோகிலாம்பாளுடையவை

கோகிலாக்கா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் தொடரின் படப்பிடிப்புக் குழுவுக்கென்று இருக்கும் குரூப்பில், சென்னையிலிருந்து நிர்வாகத் தயாரிப்பாளர் போட்டிருந்தார். அப்படியே தருகிறேன்: "கோகிலா மேடம் காலமாகிட்டாங்க. ஆழ்ந்த இரங்கல். நாளைக்கு எடுக்க வேண்டிய மூணாவது சீன் பேப்பர் யார்கிட்ட இருக்கு?" மூன்று வாக்கியமும் ஒரே மூச்சில். நான் அப்போது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலுக்காக வரிசையில் நின்றிருந்தேன். வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் கும்பிடுகிற கைகள் பத்துப் பதினைந்து வந்துவிட்டன. கடைசியில் உதவி இயக்குநர் ஒருவர், "பேப்பர் என்கிட்ட இருக்கு சார்" என்று எழுத, நிர்வாகத் தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தக் கட்டைவிரல் மூன்றாவது சீனுக்கு என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் வில்லியனூர் போய்ச் சேரும்வரை அந்தக் கட்டைவிரல்தான் கண்முன் நின்றது.

கோகிலாம்பாள் சுந்தரமூர்த்தி. வீடு ஒதியம்பட்டில். வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. கடைக்கு மேலே அண்டாவும் குத்துவிளக்கும் அடுக்கி வைத்திருந்த மாடி அறையில் பாதியைக் காலி செய்து, ஒரு மேசை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை போட்டு, ஒன்பது ஆண்டுகள் அந்தத் தொடரை அங்கிருந்தே நடத்தினார். மாலை ஏழரை மணிக்கு நீங்கள் பார்க்கிறீர்களே, அதுதான். அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்பது ஆண்டுகளாக அதில் அவர் பெயர் வரவில்லை. இதில் அதன் பெயர் வராவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காக, அவர் பார்த்த வேலை இன்னது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நெடுந்தொடருக்குத் திரைக்கதை எழுத ஒருவர், வசனம் எழுத ஒருவர், திருத்த இரண்டு பேர் என்று கூட்டமாகத்தான் எழுதுவார்கள். எல்லோருக்கும் மேலே ஒருவர் வேண்டும். ஆறு மாதம் கழித்து யார் வீட்டில் என்ன நடக்கும் என்று இன்றைக்கே தெரிந்து வைத்திருக்கிறவர். அதை வாரமாகப் பிரித்து, வாரத்தை நாளாகப் பிரித்து, நாளை ஐந்து சீனாகப் பிரித்து, ஒவ்வொரு சீனையும் ஒரு வரியில் சொல்லத் தெரிந்தவர். கதாநாயகிக்கு டெங்கு வந்தாலும், வில்லியின் அம்மா வெளிநாடு போய்விட்டாலும், மறுநாளைக்குக் கதை வைத்திருக்கிறவர். அவரை ஹெட் ரைட்டர் என்பார்கள். வெளிநாட்டுத் தொடர்களில் அந்த ஆளின் பெயர்தான் முதலில் வருமாம். எங்கள் தொடரில், "கதை: கதை இலாகா" என்று வரும். கேட்பதற்கு ஏதோ அரசாங்க அலுவலகத்தில் பத்துப் பேர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அந்த இலாகாவின் மொத்த ஊழியர் ஒருவர்தான். பெரும்பாலும் அவர் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

அதற்கடுத்த தலைப்பு அட்டையில், "வசனம்: பாகூர் கலியபெருமாள்" என்று வரும். அது நான்.

நான் அதற்கு முன் கரியமாணிக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். ஆண்டு விழா நாடகங்கள் எழுதுவேன். அப்படி ஒன்றை, தன் தங்கை மகள் நடிக்கிறாள் என்று பார்க்க வந்த அக்கா, மறுநாள் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மாடியில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார வைத்து, ஒரு தாளைக் கொடுத்தார். மருமகளுக்குக் கோபம், மாமியார் எதிரே நிற்கிறாள், ஒரு பக்கம் எழுது என்றார். நான் அடுக்குமொழியில் வெளுத்து வாங்கிவிட்டு, முடிவில் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவதாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு எந்த ஊரு?"

"நம்ம பக்கந்தான் மேடம்."

"மேடம் வேணாம், அக்கான்னு சொல்லு. நம்ம பக்கத்துப் பொண்ணு தட்டத் தூக்கிப் போடுவாளா? நசுங்கிப் பூட்டா எவன் வாங்கித் தருவான்? பாத்திரத்த வெளக்குவா பா. சத்தமா வெளக்குவா. அந்தச் சத்தத்துலயே கெழவிக்குப் புரிஞ்சிடும். ஒன் வசனம் ஒண்ணும் தேவயில்ல."

வசனம் எழுத வந்தவனிடம் சொன்ன முதல் பேச்சு இது. அந்தச் சீனை அப்படியே எடுத்தார்கள். மூன்று நிமிடம் ஒரு பெண் பாத்திரம் துலக்குகிறாள், கூடத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள், பேச்சே இல்லை. மறுநாள் வில்லியனூர் மார்க்கெட்டில் பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சேனலிலிருந்து பாராட்டு வந்தது. இயக்குநரின் நுட்பமான பார்வைக்காக. அந்த இயக்குநர் நல்ல மனிதர்தான், யார் யோசனை என்று என்னிடம் கேட்டார். அக்காவுடையது என்றேன். "ஓ" என்றார். ஒன்பது ஆண்டுகளில் சென்னையிலிருந்து அக்காவுக்குக் கிடைத்த பாராட்டுகளில் நீளமானது அதுதான்.

ஊர்க்காரர்கள் அப்படி இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். பூரணாங்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை, கூடையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். தொடரில் இரண்டாவது மருமகளாக நடித்த பெண் தயாரிப்பு நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டு விலகியிருந்த சமயம் அது. நிறுவனத்துக்கு அந்தப் பெண்மேல் ஆத்திரம். அவள் பாத்திரத்தை லாரியில் அடித்துக் கொல்ல வேண்டும், முகம் சிதைய வேண்டும், ஒரு வாரம் பிணத்தைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் சொல்வது மிகையில்லை. ஒரு நடிகையைப் பழிவாங்க, அவள் நடித்த பாத்திரத்தின் பிணத்தை ஒரு வாரம் காட்டச் சொன்னார்கள். இது அஞ்சலை காதுக்கு எப்படியோ போய்விட்டது.

"ஏம்மா, அந்தப் பொண்ண சாவடிக்கப் போறியாமே? அவ இன்னா பாவம் பண்ணா?"

"நான் சாவடிக்கல அஞ்சல. மேல சொல்றானுங்க."

"மேல சொன்னா? பேனா ஒங்கையிலதான இருக்குது?"

அக்கா மாடிக்கு வந்து, தாளில் இருந்த லாரியைக் கோடு போட்டு அடித்தார். இரண்டாவது மருமகளுக்கு அரசாங்க வேலை கிடைத்தது, காரைக்காலில் போஸ்டிங், புருஷன் போகாதே என்கிறான், அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாள் என்று எழுதினார். சேனலோடு இரண்டு நாள் போனில் மல்லுக்கு நின்றார். "உசுரோட அனுப்பினா நாளைக்குத் திரும்பி வருவா, செத்துட்டா திரும்பி வர முடியாது, எது சார் லாபம்?" என்று அவர்கள் பாஷையிலேயே பேசி ஜெயித்தார். காரைக்கால் மாற்றல் என்றால் குடும்பத்தைப் பிரிந்து தொலைவில் கிடப்பது என்று புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் அரசாங்க ஊழியர் இருக்கும் ஒரு வீட்டிலும் அதைப் பேசாதவர்கள் இல்லை. அடுத்த மாதம் ஒரு பேட்டியில் நிர்வாகத் தயாரிப்பாளர், பெண்கள் முன்னேற்றத்தில் தமக்குள்ள அக்கறையால் அந்தத் திருப்பத்தை வைத்ததாகச் சொன்னார். லாரி யாருடையது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

பெயர் போடச் சொல்லி அக்கா கேட்காமல் இல்லை. கேட்காதவருக்கு யார் தருவார்கள் என்று இப்போது சிலர் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். முதல் முறை, சேனல் கொள்கை என்றார்கள். இரண்டாவது முறை, நிறையப் பேர் எழுதுகிறார்கள், ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் மனம் புண்படும் என்றார்கள். எங்கள் மனம் புண்படுமா என்று எங்களைக் கேட்கவில்லை. மூன்றாவது முறை, நிர்வாகத் தயாரிப்பாளர் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தவர் கடையில் எட்டிப் பார்த்தார். காப்பி குடித்துக்கொண்டே, "பேர் போட்டா வேற கம்பெனிக்காரன் உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவான் மேடம். உங்களைப் பத்திரமா வெச்சுக்கத்தான் போடாம இருக்கோம்" என்றார்.

அக்கா கல்லாவுக்குப் பக்கத்தில், எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டிக்கொண்டிருந்த ஆளைக் காட்டினார். "எங்க கடைல ஒரு டம்ளர் வாங்கினாக்கூட பேரு வெட்டித்தான் சார் தர்றோம். வேற எவனும் தூக்கிக்கினு போகக் கூடாதுன்னுதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மேடத்துக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது. அன்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் பங்கைச் சொல்லாமல் அவர்களை மட்டும் திட்டினால் அது யோக்கியமில்லை. அதனால் அந்தத் துபாய்ப் பெண் விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா பலகையில் வசனமோ சம்பவமோ எழுதமாட்டார். பாத்திரங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எழுதுவார். "கதன்னா இன்னாடா? யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது. அவ்ளோதான். மத்ததெல்லாம் பொடவ" என்பார். தொடரில் குடும்பத்துத் தந்தை இறந்துபோகிறார். மூத்த மகள் துபாயில் நிறைமாதமாக இருக்கிறாள். அதிர்ச்சியாகிவிடக் கூடாது என்று தாய் அவளிடமிருந்து செய்தியை மறைக்கிறாள். பலகையில் மூத்தவள் பெயருக்குக் கீழே, "அப்பா போனது தெரியாது" என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு மாதக் கதை அந்த ஒரு வரியின்மேல் நின்றது. பிரசவம் ஆகி, குழந்தையோடு விமானத்திலிருந்து இறங்கி, அப்பா எங்கே என்று அவள் கேட்பதுதான் உச்சம்.

நான் ஒரே நாளில் மூன்று எபிசோடு வசனம் எழுதிய அவசரத்தில், துபாயிலிருந்து அவள் தோழியிடம் போனில் பேசும் ஒரு சின்னச் சீனில், "அப்பா போன அன்னிக்கே எனக்குக் கை கால் ஓடல" என்று எழுதித் தொலைத்தேன். நடிகை பேசினார், எடுத்தார்கள், ஒளிபரப்பும் ஆகிவிட்டது. யாருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் காலை பார்வையாளர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இரண்டு மாதக் கதையை ஒரு வரியில் கொன்றிருந்தேன்.

பத்து மணிக்குச் சேனலிலிருந்து அழைப்பு. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். எழுதியது யார், அவனை உடனே தூக்க வேண்டும் என்று அங்கே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

"நாந்தான் சார் அப்டி எழுதச் சொன்னேன்" என்றார் அக்கா.

அங்கே கத்தியவர் கேட்டார்: "ஏன்?"

"அவளுக்கு மொதல் நாளே தெரியும் சார். பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல சொல்லிட்டா. ஆனா அம்மா தன்கிட்ட மறைக்கிறாளேன்னு, தெரியாத மாதிரி நடிக்கிறா. புருஷன் போன துக்கத்துல இருக்கிறவளுக்கு, மகளுக்குத் தெரிஞ்சிடுச்சேன்ற பயத்தயும் எதுக்குக் கொடுக்கணும்னு. டெய்லி போன் பண்ணி, அப்பா சாப்டாரா, மாத்திர போட்டாரான்னு கேக்கறா. அம்மா, போட்டாரும்மான்னு சொல்றா. ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்ல மாட்டாங்க."

அதை அவர் அந்த நிமிடத்தில்தான் யோசித்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். பேசும்போது ஒரு கையால் பலகையில் "தெரியாது" என்பதில் "யாது" என்பதை அழித்து "யும்" என்று எழுதிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போ, போய் டீ சொல்லு. சக்கர தூக்கலா" என்றார். அவ்வளவுதான்.

தாயும் மகளும் போனில் பொய் சொல்லிக்கொண்ட அந்த வாரங்கள் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த வாரங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குத்தான் அந்த ஆண்டு சிறந்த கதைக்கான விருது கொடுத்தார்கள். அந்தக் கதை ஓடட்டும் என்று, மூத்தவள் குழந்தையோடு ஊர் திரும்புவதை அக்கா தள்ளிப்போட்டார். விருது விழாவுக்குச் சென்னை போனோம். அக்கா அரக்கு நிறத்தில் பட்டுப் புடவை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் இருந்த பெண்ணின் பட்டியலில் என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. "நீங்க யாரோட வந்திருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "இவரோட வந்திருக்கேன்மா" என்றார். என் விருந்தாளியாக உள்ளே வந்து, பின்னால் பதினாறாவது வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் விருதை நிர்வாகத் தயாரிப்பாளர் வாங்கினார். என்னையும் மேலே கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அரை நிமிடம் பேசினேன். சேனலுக்கு நன்றி சொன்னேன், இயக்குநருக்குச் சொன்னேன், நடித்தவர்களுக்குச் சொன்னேன், பாகூர் மண்ணுக்குச் சொன்னேன். பக்கத்தில் நிர்வாகத் தயாரிப்பாளர் சிரித்தபடி என் தோளில் கை போட்டிருந்தார். கோகிலாம்பாள் என்ற பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்குமா என்றால், போயிருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் பயந்தேன். பாகூர் மண்ணுக்கு நன்றி சொன்னவன், பதினாறாவது வரிசைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பும்போது திண்டிவனம்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காதான் ஆரம்பித்தார். "ஏன்டா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்ற? அந்தச் சட்ட ஒனக்கு நல்லா இருந்துது. டிவில பளிச்சுனு தெரிஞ்ச." அவர் அப்படிச் சொல்லாமல் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். பெருந்தன்மை என்று இதை யாராவது புகழ்ந்தால் எனக்குக் கோபம் வரும். ஒருவர் பெருந்தன்மையாக இருந்தே ஆக வேண்டிய நிலைமையை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்துதான் உண்டாக்கினோம்.

குரூப்பில் அந்தச் செய்தி வந்த அன்று காலையில், கடை மாடிப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். ஒதியம்பட்டு வீட்டில் கூட்டம் தெருவரை நின்றது. ஒப்பாரி வைத்த பெண்களே நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு, "இனிமே அந்தத் தொபாய்க்காரி கதி இன்னா ஆவும்?" என்று பேசிக்கொண்டார்கள். அஞ்சலை அன்று மீன் விற்கப் போகவில்லை, கூடையில்லாமல் வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து அன்று யாரும் வரவில்லை. படப்பிடிப்பு இருந்தது.

பால் தெளித்த மூன்றாம் நாள் நிர்வாகத் தயாரிப்பாளர் வந்தார். ஆளுயர மாலையோடு வந்தார். அக்காவின் கணவர் சுந்தரமூர்த்தி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்தாங்க" என்றார். உதவி. ஒன்பது ஆண்டுகள் ஒரு வீட்டைக் கட்டி, கூரை போட்டு, அதில் இவர்களைக் குடியும் வைத்தவர், உதவியாக இருந்தாராம். அண்ணன் அதிகம் பேசாதவர். தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு நிர்வாகத் தயாரிப்பாளர் என்னைக் காருக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். அக்கா சாகும்போது இன்னும் முப்பத்தைந்து எபிசோடுக்குக் கதையைச் சீன் சீனாகப் பிரித்து அனுப்பி வைத்திருந்தார். ஏழு வாரத்துக்குக் கவலையில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் தயாரிப்பாளரின் கவலை. "நீங்கதான் பார்த்துக்கணும். இனிமே நீங்கதான் ஹெட் ரைட்டர். தலைமைக் கதாசிரியர்னு தனி கார்டு போட்டுடறோம்" என்றார். நான் கேட்கவேயில்லை. மூன்று முறை கேட்டவருக்குச் சேனல் கொள்கை, மற்றவர் மனம், வேற்றுக் கம்பெனிக்காரன் என்று தடுத்து நின்ற எல்லாம், மூன்றாம் நாள் காலையில், கார் கதவைப் பிடித்தபடி நின்ற இரண்டு நிமிடத்தில் காணாமல் போயின. அந்தக் கார்டைப் போடுவதற்கு எந்தத் தடையும் எப்போதும் இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"அந்தக் கார்டுல அக்கா பேரப் போடுங்க சார். முப்பத்தஞ்சு எபிசோடும் அவங்களுது. அது முடிஞ்சப்புறம் என்னப் பத்திப் பேசலாம்" என்றேன்.

"கண்டிப்பா. செஞ்சிடலாம்" என்றார். என் தோளில் தட்டினார்.

நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, கருமாதி அன்று சுந்தரமூர்த்தி அண்ணன் தயங்கித் தயங்கி, "கலியா, டிவில அவ பேரு போடுவாங்களா பா?" என்று கேட்டபோது, "வர்ற திங்கக்கெழம வரும் அண்ணே" என்று வாக்கும் கொடுத்தேன். அவர் திங்கட்கிழமை மாலை கடையை அடைக்காமல், கல்லாவுக்கு எதிரே டிவியைத் திருப்பி வைத்து, சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் கூட்டி உட்கார வைத்திருக்கிறார். எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஏழரைக்குத் தொடர் ஆரம்பித்தது. முதலில் கறுப்புப் பின்னணியில் ஒரு விளக்கு, "எங்கள் குடும்ப உறுப்பினர் கோகிலாம்பாள் அவர்களுக்கு அஞ்சலி" என்று ஒரு வரி. அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு சொல் கிடையாது. சமையற்காரராகவும் இருந்திருக்கலாம், சேனல் முதலாளியின் சித்தியாகவும் இருந்திருக்கலாம். அது போனதும் தலைப்புப் பாட்டு. கதை இலாகாவைக் காணோம். அந்த இடத்தில், "தலைமைக் கதாசிரியர்: பாகூர் கலியபெருமாள்" என்று தங்க எழுத்தில், தனி அட்டையில், பெரிதாக வந்தது.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தார். "பாத்தேன் பா" என்றார். பிறகு கேட்டார்: "இத்த நீ கேட்டு வாங்கினியா கலியா?"

"இல்ல அண்ணே. சத்தியமா இல்ல."

"சரி பா" என்று வைத்துவிட்டார். அவர் என்னை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு கடைப் பக்கம் போகும்போது நன்றாகத்தான் பேசுகிறார். காப்பி வாங்கித் தருகிறார். பெயரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

அன்றே நான் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஒரு வாரம் ஆனது. மகளின் படிப்பு, வீடு என்று ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலகல் கடிதம் அனுப்பினேன். என் பெயரை எடுத்துவிட்டு அக்காவின் பெயரைப் போடும்படியும் எழுதினேன். விலகலை ஏற்றுக்கொண்டார்கள். பெயரைப் பற்றி வந்த பதில்: முப்பத்தைந்து எபிசோடுக்கும் தலைப்பு அட்டைகள் தயாராகி ஒளிபரப்புக்குப் போய்விட்டன, இனி மாற்ற இயலாது, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. ஒரு பாத்திரம் பேசிய ஒரு வரிக்காக இரண்டு மாதக் கதையைப் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தவரின் பெயருக்கு, ஒரு அட்டையை மாற்ற இவர்களால் முடியவில்லை.

பத்திரிகைகள் எழுதாது, சேனல் சொல்லாது என்பதால் நான் எழுதுகிறேன். அந்த முப்பத்தைந்து எபிசோடின் கதையில் என்னுடையது ஒன்றுமில்லை. மூத்தவள் குழந்தையோடு ஊர் திரும்புவது அவருடையது. வாசலில் தாய் அவளைக் கட்டிக்கொள்ளாமல் குழந்தையை மட்டும் வாங்கிக்கொள்வது அவருடையது. அடுத்த வாரம் வரப்போகும் குடும்பப் பஞ்சாயத்தும், அதில் சின்ன மருமகள் எழுந்து போவதும் அவருடையவை. நான் அவற்றுக்குப் பேச்சு எழுதினேன், அவ்வளவே.

இறந்தவர்களிடமிருந்து எதை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி முடிப்பது இம்மாதிரி எழுத்தில் வழக்கம். பேனா, புத்தகம், அறிவுரை என்று சொல்வார்கள். என்னிடம் இருப்பது அவருடைய ஏழு வாரம், என் பெயரில். நான் எடுக்கவில்லை, ஆனாலும் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவர் இல்லை. இது என்னிடம் இருக்கும்வரை நான் நிம்மதியாக இருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

இன்னும் பத்தொன்பது எபிசோடு பாக்கி. திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழரைக்கு, தங்க எழுத்தில் என் பெயர் வரும். அவரை அறிந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அட்டை வரும்போது, அது திரையில் நிற்கும் மூன்று நொடிக்குள், கோகிலாம்பாள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது, யார் அது என்று கேட்பார்கள். சொல்லுங்கள்.